நாற்காலி நிலைத்தால் நாடு வளருமா?

வாசகர் கேள்விகளும் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியரின் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை: ஆட்சியின் நிலைத்தன்மை, அரசு அமைப்புகளின் சீர்திருத்தம், இவற்றுக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள உறவு. வகுப்பறையில் நான் அதிகம் பேசியதும், ஓய்வுக்குப் பிறகும் படிப்பதை நிறுத்த முடியாததும் இந்தப் பொருள்தான். ஆகவே மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஒரே தலைவர் இருபது முப்பது ஆண்டுகள் ஆண்டால்தான் நாடு முன்னேறும், அடிக்கடி ஆட்சி மாறினால் எந்தத் திட்டமும் உருப்படாது என்கிறார் என் தந்தை. அவர் சொல்வது சரியா?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: உங்கள் தந்தையின் கவலைக்கு ஆதாரம் உண்டு. ஆல்பர்ட்டோ அலெசினாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 113 நாடுகளின் 1950 முதல் 1982 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆட்சி கவிழும் வாய்ப்பு மிகுந்திருந்த நாடுகளில் வளர்ச்சி தெளிவாகவே குறைந்திருந்தது. ஆலை கட்டுபவர் போட்ட முதலைத் திரும்ப எடுக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் வரி எத்தனை முறை மாறுமோ, கையிலுள்ள உரிமம் செல்லுமோ செல்லாதோ என்ற நிலை இருந்தால் அவர் ஆலை கட்டமாட்டார். தங்கமோ மனையோ வாங்கிப் போடுவார். இன்னும் வசதியுள்ளவர் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவார்.

நிலைத்திருக்க வேண்டியது எது என்பதில்தான் உங்கள் தந்தையோடு நான் வேறுபடுகிறேன். போலந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 முதல் 2004 வரை அங்கே ஏறத்தாழப் பத்து முறை பிரதமர் மாறினார். 1992இல் ஒருவர் ஒரு மாதம்தான் பதவியில் இருந்தார். 1993 தேர்தலில் பழைய கம்யூனிஸ்டுக் கட்சியின் வழிவந்தவர்களே வென்றார்கள். அதோடு சீர்திருத்தம் முடிந்தது என்று பலரும் எண்ணினார்கள். ஆனால் 1990 ஜனவரி 1ஆம் தேதி நிதியமைச்சர் லெஷெக் பல்செரோவிச் தொடங்கிவைத்த மாற்றங்களை எந்தப் பிரதமரும் அடியோடு புரட்டிப் போடவில்லை. விலைக் கட்டுப்பாடு திரும்பவில்லை. தனியார் தொழில் தொடங்கும் உரிமை பறிக்கப்படவில்லை. 1997இல் வந்த அரசியலமைப்புச் சட்டம் மத்திய வங்கியின் சுதந்திரத்தை உறுதிசெய்தது. அரசின் கடன், நாட்டின் ஆண்டு உற்பத்தியில் ஐந்தில் மூன்று பங்கைத் தாண்டக் கூடாது என்றும் எழுதிவைத்தது. 1992 முதல் 2019 வரை ஓர் ஆண்டுகூட போலந்தின் உற்பத்தி சுருங்கவில்லை. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் சரிந்தபோது வளர்ச்சி கண்ட ஒரே உறுப்பு நாடு அதுதான்.

இப்போது ஜிம்பாப்வேயைப் பாருங்கள். ராபர்ட் முகாபே 1980 முதல் 2017 வரை, 37 ஆண்டுகள் ஆட்சியில் இருந்தார். உங்கள் தந்தை கேட்கும் நிலைத்தன்மை அங்கே வேண்டிய மட்டும் இருந்தது. 2000 முதல் பெரும் பண்ணைகள் இழப்பீடின்றிக் கைப்பற்றப்பட்டன. அதைச் சட்டவிரோதம் என்ற உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆன்டனி குப்பே 2001இல் பதவியிலிருந்து விலக வைக்கப்பட்டார். நிலம் வெள்ளையர் சிலரிடம் குவிந்திருந்தது காலனி ஆட்சியின் அநீதி. அதைத் திருத்தியே ஆகவேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் திருத்திய விதத்தில், நிலம் பெற்ற ஏழை விவசாயிக்கும் உறுதியான உரிமை கிடைக்கவில்லை. நிலம் அரசுடையதாயிற்று; அதைக் காட்டி வங்கியில் கடன் வாங்கவும் அவரால் முடியவில்லை. 2009 ஜனவரியில் அந்த நாடு 100 லட்சம் கோடி டாலர் நோட்டு அச்சடித்தது. அதே கையெழுத்து, அதே நாற்காலி. மறுநாள் அந்தக் கையெழுத்து என்ன ஆணை பிறப்பிக்கும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

ஒரே குடும்பம் 1948 முதல் ஆளும் வட கொரியாவைப் பற்றி நான் விரித்து எழுதவேண்டியதில்லை. 1945இல் கொரியா பிரிக்கப்பட்டபோது கனரகத் தொழில்களும் நீர்மின் நிலையங்களும் பெரும்பாலும் வடக்கில்தான் இருந்தன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொருளாதாரக் கட்டுரைகளில் ‘நிறுவனங்கள்’ என்று எழுதுகிறார்கள். அலுவலகங்களையா சொல்கிறார்கள்?
– ஒரு நூலகர்

பதில்: அலுவலகமும் அதில் அடங்கும், அதைவிட முக்கியமாக, அது இயங்கும் விதிகள் அடங்கும். யார் வரி போடலாம், ஒப்பந்தத்தை மீறினால் எங்கே போய் முறையிடலாம், நீதிபதியை யார் நீக்கலாம், தேர்தலில் தோற்றவர் எப்போது வெளியேற வேண்டும் என்பவை எல்லாம் இதில் வரும். எழுதாத வழக்கங்களும் வரும். இந்த நோக்கைப் பொருளாதார வரலாற்றில் ஊன்றவைத்த டக்ளஸ் நார்த்துக்கு 1993இலும், அந்த வழியில் மேலும் சென்ற டேரன் அசெமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன் ஆகிய மூவருக்கும் 2024இலும் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுடைய பழைய தரவுகள் சிலவற்றை, குறிப்பாக, ஐரோப்பியக் குடியேறிகள் அதிகம் இறந்த காலனிகளில் மோசமான விதிகள் வேரூன்றின என்று காட்ட அவர்கள் பயன்படுத்திய இறப்பு விகிதக் கணக்கை, மற்ற ஆய்வாளர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். கல்விதான் முதலில் வருகிறது, நல்ல விதிகள் அதன் பிறகே வருகின்றன என்று வாதிடுவோரும் உண்டு. பரிசு கிடைத்ததால் விவாதம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: ஏழைகளுக்கு நிலப் பட்டா கொடுத்துவிட்டால், அதை வைத்துக் கடன் வாங்கித் தொழில் செய்து முன்னேறிவிடுவார்கள் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். இவ்வளவு எளிதா?
– கூட்டுறவுச் சங்கத்தில் பணியாற்றும் வாசகர்

பதில்: எளிதில்லை. ஆனால் பட்டா பயனற்றது என்றும் எண்ணிவிடாதீர்கள். இந்தக் கேள்விக்கு இரண்டு நாடுகளைப் பார்த்தே ஆகவேண்டும். எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பெரு. 1980களில் எர்னான்டோ தெ சோட்டோவின் ஆய்வுக் குழு தலைநகர் லிமாவில் ஒரு சோதனை செய்தது. சிறிய தையற்கூடம் ஒன்றைச் சட்டப்படி பதிவுசெய்ய முயன்றார்கள். படிவங்களோடு ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கியதில் 289 நாட்கள் ஆயின. ஏழைகள் ஏன் சட்டத்துக்கு வெளியே தொழில் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. அவர்களைச் சட்டம் வெளியே நிறுத்திவைத்திருந்தது. பிறகு 1996 முதல் அந்த அரசு நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெரிய அளவில் பட்டா வழங்கியது. 12 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பெற்றன. கடன் குவியும் என்று எதிர்பார்த்தார்கள். அது எதிர்பார்த்த அளவுக்கு நடக்கவில்லை. பட்டா இருந்தாலும் ஏழையின் வீட்டை ஈடாகப் பெற வங்கிகள் தயங்கின. ஆனால் எரிக்கா ஃபீல்டு என்ற ஆய்வாளர் வேறொன்றைக் கண்டுபிடித்தார். பட்டா இல்லாத காலத்தில், யாராவது வந்து வீட்டைப் பிடித்துக்கொள்வார்களோ என்று அஞ்சி ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் வீட்டைக் காத்துக்கொண்டு கிடந்தார். பட்டா கையில் வந்த பிறகு அவர் வெளியே வேலைக்குப் போனார். குழந்தைகள் வேலைக்குப் போவது குறைந்தது. ஒரு தாளில் இருந்த உறுதி ஒரு மனிதரின் பகல்பொழுதை விடுவித்தது. வளர்ச்சி விகிதம் என்று நாம் பேசும் எண்ணுக்குள் இப்படிப்பட்ட பகல்பொழுதுகள்தாம் இருக்கின்றன.

அடுத்து கானா. அக்வாபிம் பகுதி விவசாயிகளை மார்க்கஸ் கோல்ட்ஸ்டீன், கிறிஸ்டஃபர் உட்ரி ஆகிய இருவரும் ஆராய்ந்து 2008இல் எழுதினார்கள். அங்கே உரம் வாங்குவதைவிட நிலத்தைச் சில ஆண்டுகள் தரிசாக விட்டு அதன் வளத்தை மீட்பதே வழக்கம். ஆனால் தரிசாகக் கிடக்கும் நிலம் ‘இவருக்குத் தேவைப்படவில்லை’ என்று வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிடலாம். ஆகவே ஊர்ப் பெரியவர்களின் வரிசையில் பதவி உள்ளவர் துணிந்து நிலத்தை ஓய்வெடுக்க விடுகிறார். பதவி இல்லாதவர் நிலம் சத்திழந்து போவது தெரிந்தும் விதைத்துக்கொண்டே இருக்கிறார். அதே வீட்டில், கணவர் நிலத்தைவிட மனைவி நிலத்தில் விளைச்சல் குறைவு. அந்தப் பெண்ணுக்கு விவசாயம் தெரியாமலில்லை. பெண்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பதவிகள் இல்லை. தன் நிலத்தைக் காப்பாற்ற அவர் ஒவ்வோராண்டும் அதைச் சுரண்டவேண்டியிருக்கிறது.

அங்கே எழுதிய பட்டா இல்லை. இருந்திருந்தாலும், பட்டாவை மதிக்க வைக்கும் அதிகாரம் சிலரிடம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தாளுக்குப் பின்னால் பாரபட்சமில்லாமல் தீர்ப்புச் சொல்ல ஓரிடம் வேண்டும். உங்கள் கூட்டத்தில் அடுத்த முறை பட்டாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இதைக் கேளுங்கள்: தகராறு வந்தால் எத்தனை மாதத்தில், எவ்வளவு செலவில், எளியவருக்கும் அதே தீர்ப்புக் கிடைக்கும்?

கேள்வி: நீதிமன்றச் சுதந்திரம், சொத்துரிமை என்கிறீர்கள். இவை எதுவும் இல்லாமலே சீனா வளர்ந்துவிட்டதே?
– போட்டித் தேர்வுக்குத் தயாராகும் வாசகர்

பதில்: இந்தத் துறையில் எவராலும் தட்டிக்கழிக்க முடியாத கேள்வி இது. சீனாவின் வளர்ச்சி உண்மையானது. கோடிக்கணக்கான மக்களை வறுமையிலிருந்து மீட்டது. அதைச் சிறுமைப்படுத்தி ஒரு கோட்பாட்டைக் காப்பாற்ற நான் விரும்பவில்லை.

ஆனால் அது எப்போது, எங்கே தொடங்கியது? மா சேதுங் 1949 முதல் 1976 வரை தலைமையில் இருந்தார். 1958இல் தொடங்கிய ‘பெரும் பாய்ச்சல்’ என்ற கூட்டுப் பண்ணை, தொழில்மயத் திட்டம் மனித வரலாற்றின் மிகப் பெரிய பஞ்சங்களில் ஒன்றில் முடிந்தது. 1966இல் கலாச்சாரப் புரட்சி வந்தது. 1978 இறுதியில் அன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் என்ற சிற்றூரில் 18 விவசாயக் குடும்பத்தினர் இரகசியமாகக் கூடி ஓர் ஒப்பந்தத்தில் கைரேகை வைத்தார்கள். கூட்டுப் பண்ணை நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது, அரசுக்குரிய பங்கைக் கொடுத்த பிறகு மிச்சத்தை அவரவரே வைத்துக்கொள்வது என்பது ஒப்பந்தம். யாராவது சிறைக்குப் போனால் அவருடைய பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்க்கவேண்டும் என்றும் அதில் இருந்தது. அடுத்த ஆண்டே விளைச்சல் பன்மடங்காயிற்று. தண்டிப்பதற்குப் பதிலாக அரசு இந்த முறையை ஏற்றது. சில ஆண்டுகளில் நாடு முழுவதும் பரவியது. அந்த விவசாயிகளுக்கு நீதிமன்றம் கிடைக்கவில்லை. ‘நீ விளைவித்த மிச்சம் உன்னுடையது’ என்ற ஒரு விதி மட்டும் கிடைத்தது. நேற்று வரை அதுகூட இல்லாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம்!

பிறகு நடந்ததும் பெரும்பாலும் இதே போக்குத்தான். 1980இல் ஷென்சென் முதலிய நான்கு சிறப்பு மண்டலங்களில் புதிய விதிகளைச் சோதித்தார்கள், பலித்ததை விரிவாக்கினார்கள். 1982 அரசியலமைப்பில் நாட்டுத் தலைவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது என்று எழுதினார்கள். 2001இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தார்கள். 2007இல் சொத்துரிமைச் சட்டம் வந்தது. தொடங்கிய இடம் மிகத் தாழ்வானது. ஆனால் நாற்பதாண்டுகளில் பெரும்பகுதி, அரசு தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் திசையில் சென்றது. அந்தப் பதவிக்கால வரம்பு 2018இல் நீக்கப்பட்டது. இனி அந்தத் திசை தொடருமா என்பதுதான் என் கவலை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெஞ்சமின் ஜோன்ஸ், பெஞ்சமின் ஓல்கன் என்ற இருவர் 2005இல் ஒரு நுட்பமான வழியைக் கையாண்டார்கள். பதவியில் இருக்கும்போதே நோயாலோ விபத்தாலோ இறந்த தலைவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னும் பின்னும் வளர்ச்சி எப்படி இருந்தது என்று பார்த்தார்கள். ஜனநாயக நாடுகளில் தலைவர் மறைவால் பெரிய மாற்றமில்லை. எதேச்சாதிகார நாடுகளில் வளர்ச்சி கடுமையாக மாறியது; சில இடங்களில் மேலே, சில இடங்களில் கீழே. ஒருவரை நம்பிய நாட்டுக்கு நல்லவர் வாய்த்தால் ஏற்றம், பொல்லாதவர் வாய்த்தால் பஞ்சம். சீனா இரண்டையும் ஒரே தலைமுறையில் கண்ட நாடு.

கேள்வி: மத்திய வங்கி அரசின் ஓர் அங்கம்தானே? தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு வட்டியைக் குறைக்கச் சொன்னால் குறைக்கவேண்டியதுதானே முறை?
– சிறுதொழில் நடத்தும் வாசகர்

பதில்: கடன் வாங்கித் தொழில் நடத்துபவரின் வலி உங்கள் கேள்வியில் தெரிகிறது. துருக்கியில் நடந்ததைச் சொல்கிறேன். 2019 ஜூலைக்கும் 2021 மார்ச்சுக்கும் இடையில் அங்கே மத்திய வங்கியின் ஆளுநர்கள் மூவரை அதிபர் நீக்கினார். விலைவாசி ஏறும்போதே வட்டி குறைக்கப்பட்டது. அந்த நாட்டு நாணயமான லிராவின் மதிப்பு வீழ்ந்தது. 2022 அக்டோபரில் பணவீக்கம், அரசின் கணக்குப்படியே, 85 சதவீதத்தைத் தாண்டியது. மலிவுக் கடன் கிடைத்த சிறுதொழிலதிபருக்கு மூலப்பொருள் விலை என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்கிடுவீர்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பணவீக்கத்துக்கு வெளிப்படையான இலக்கு வைத்து மத்திய வங்கியை நடத்தும் முறையை உலகில் முதலில் கொண்டுவந்த நாடு நியூசிலாந்து. அதற்கான சட்டம் 1989இல் நிறைவேறியது. 1980களில் 15 சதவீதத்தைத் தாண்டியிருந்த பணவீக்கம் 1991 இறுதிக்குள் 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. ஆனால் அதே காலத்தில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியது. சுதந்திரமான மத்திய வங்கி எளியவருக்குச் செலவே வைக்காது என்று நான் சொல்லமாட்டேன். இலக்கைத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு முடிவுசெய்யட்டும். வட்டியை எப்போது எவ்வளவு மாற்றுவது என்பதை, தேர்தல் தேதியைப் பார்க்காத ஒருவர் முடிவுசெய்யட்டும். நியூசிலாந்து வகுத்த ஏற்பாடு இதுதான்; என் கருத்தும் இதுதான்.

கேள்வி: அரசின் அதிகாரத்தை விதிகளால் கட்டுப்படுத்தும் வழக்கம் முதலில் எங்கே தொடங்கியது? அரசனே தன் கையைக் கட்டிக்கொள்ள ஏன் சம்மதிக்க வேண்டும்?
– பள்ளி வரலாற்று ஆசிரியை

பதில்: வகுப்பில் சொல்ல உங்களுக்கு உதவும் ஒரு தேதி: 1672. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், தமக்குக் கடன் கொடுத்த பொற்கொல்லர் வங்கியாளர்களுக்குப் பணம் திருப்புவதை அந்த ஆண்டு நிறுத்தினார். பலர் நொடித்துப்போனார்கள். கடன் கொடுத்தவன் மன்னனை எந்த நீதிமன்றத்துக்கு இழுப்பான்? மன்னரையே மாற்றிய 1688 புரட்சிக்குப் பிறகு வரியும் செலவும் நாடாளுமன்றத்தின் கைக்கு வந்தன. 1694இல் தொடங்கப்பட்ட இங்கிலாந்து வங்கி அரசுக்கு 12 லட்சம் பவுண்டு கடன் தந்தது. வட்டி 8 சதவீதம். 1730களில் அதே அரசால் சுமார் 3 சதவீதத்துக்குக் கடன் வாங்க முடிந்தது. ஏமாற்ற முடியாத நிலையில் தன்னை வைத்துக்கொண்ட அரசுக்குத்தான் குறைந்த வட்டியில் பணம் கிடைத்தது. போர் நடத்தப் பணம் தேவைப்பட்ட காலத்தில் இது எவ்வளவு பெரிய பலம் என்று மாணவர்களுக்கு விளக்குங்கள்.

ஆனால் 1688இலிருந்து நேராகத் தொழிற்புரட்சிக்குக் கோடு இழுத்துவிடாதீர்கள். தனியாரின் நிலத்திலும் முதலீட்டிலும் கிடைத்த வருமான விகிதத்தை ஆராய்ந்த கிரெகரி கிளார்க், 1688ஐ ஒட்டி அதில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று காட்டியிருக்கிறார்.

கேள்வி: அரசு வெளியிடும் புள்ளிவிவரத்தை நம்பலாமா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

பதில்: அதை வெளியிடும் அலுவலகத்தில் யார் கைவைக்க முடியும் என்பதைப் பொறுத்தது. 2007இல் அர்ஜென்டினாவில் புள்ளியியல் துறைக்குள் அரசு தலையிட்டு, விலைவாசிக் குறியீட்டைத் தயாரித்தவர்களை மாற்றியது. அதன்பின் வெளிவந்த பணவீக்கக் கணக்கும் மக்கள் கடையில் கொடுத்த விலையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. 2013இல் பன்னாட்டு நாணய நிதியம் (ஐஎம்எஃப்) அந்த நாட்டின் மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. 2016இல்தான் அது விலக்கப்பட்டது. பணவீக்கத்தோடு இணைத்த கடன் பத்திரம் வாங்கியவர்கள் அத்தனை பேரும் இழந்தார்கள். சுதந்திரமான நீதிமன்றத்துக்குக் குரல் கொடுப்பவர்கள்கூட, சுதந்திரமான புள்ளியியல் துறையை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: முன்னேறிய நாடுகளின் சட்டங்களை அப்படியே எடுத்துக்கொண்டால் வேலை சுலபமாகிவிடாதா?
– சட்டக் கல்லூரி மாணவர்

பதில்: சட்டத்தை நகலெடுக்க ஒரு வாரம் போதும். அதை நடைமுறைப்படுத்தும் அலுவலரின் பழக்கத்தை நகலெடுக்க முடியாது. உலக வங்கி பல ஆண்டுகள் ‘தொழில் செய்ய உகந்த நாடுகள்’ என்று ஒரு தரவரிசை வெளியிட்டது. வரிசையில் ஏறுவதற்காகவே நாடுகள் விதிகளைத் திருத்தின. 2018, 2020 அறிக்கைகளின் தரவுகளில் முறைகேடுகள் தெரியவந்ததால் 2021இல் அந்த அறிக்கையையே நிறுத்திவிட்டார்கள்.

சிறிய சீர்திருத்தம் ஒன்றைச் சொல்கிறேன். 1991 முதல் 1995 வரை உகாண்டாவில் பள்ளிகளுக்காக மத்திய அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளைச் சென்றடைந்தது என்று ரித்வா ரெய்னிக்கா, யாகோப் ஸ்வென்சன் ஆகியோர் கண்டறிந்தார்கள். மிச்சம் இடையிலிருந்த மாவட்ட நிர்வாகங்களில் தங்கிவிட்டது. அதன்பின் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்று அரசு நாளிதழ்களில் வெளியிடத் தொடங்கியது. பள்ளிச் சுவரிலும் ஒட்டச் செய்தது. 2001இல் 80 சதவீதத்துக்கும் மேல் போய்ச் சேர்ந்தது. நாளிதழ் விளம்பரம் மட்டுமே காரணமா என்பதில் விவாதம் உண்டு, கண்காணிப்பும் கூடியிருந்தது. ஆனாலும் தலைமையாசிரியருக்குத் தொகை தெரிந்ததும், கேட்க ஓர் ஆள் உண்டாயிற்று. சட்டம் படிக்கும் நீங்கள் இந்த ஆய்வை அவசியம் தேடிப் படியுங்கள்.

கேள்வி: சீர்திருத்தம் என்றாலே ஆலை மூடல், ஆட்குறைப்பு. இழப்பு எங்களுக்கு, லாபம் வேறு யாருக்கோ. இதை ஏன் நாங்கள் ஏற்கவேண்டும்?
– தொழிற்சங்கத்தில் பணியாற்றும் வாசகி

பதில்: ஏற்கவேண்டியதில்லை, அது உங்கள் தலையில் மட்டும் விழுமானால். ரஷ்யாவில் 1990களில் நடந்ததைச் சீர்திருத்தம் என்று பாராட்டியவர்கள் உண்டு. பத்தாண்டுக்குள் உற்பத்தி ஏறத்தாழ 40 சதவீதம் விழுந்தது. 1990இல் 64ஐ நெருங்கியிருந்த ஆண்களின் சராசரி ஆயுள் 1994இல் 58க்குக் கீழே போயிற்று. 1995இல் அரசுக்குக் கடன் கொடுத்த சில வங்கியாளர்களின் கைக்கு எண்ணெய், நிக்கல் நிறுவனங்கள் மிகக் குறைந்த விலையில் போய்ச் சேர்ந்தன. விதிகளை எழுதுவதற்கு முன்பே சொத்துக்களைக் கொடுத்துவிட்டார்கள். பெற்றவர்களுக்கு அதன்பின் நேர்மையான விதிகளில் அக்கறை இருக்க எந்தக் காரணமும் இல்லை. இன்றுவரை அந்த மக்கள் இதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

நான் பாராட்டிய போலந்திலும் வேலையின்மை 1990களின் முற்பகுதியில் 16 சதவீதத்தைத் தொட்டது. ஆனால் அங்கே ஓய்வூதியமும் வேலையிழந்தோர் உதவியும் இருந்தன. பெரிய அரசு ஆலைகளை விற்பதில் அவசரம் காட்டவில்லை. கோபம் கொண்ட மக்கள் வாக்குச் சீட்டால் அரசை மாற்ற முடிந்தது. உங்கள் சங்கம் கேட்கவேண்டியது இவற்றைத்தான்: உதவித்தொகை ஆட்குறைப்புக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா? விற்பனை வெளிப்படையான ஏலத்திலா, மூடிய அறையிலா?

கேள்வி: வளம் இருந்தும் கெட்ட நாடுகளைப் பற்றியே படிக்கிறோம். கெடாத நாடு ஏதாவது உண்டா?
– ஒரு புவியியல் ஆசிரியர்

பதில்: போட்ஸ்வானா. 1966இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று; தார்ச்சாலை மொத்தம் சுமார் 12 கிலோமீட்டர்தான். அடுத்த ஆண்டு ஒராபாவில் வைரம் கிடைத்தது. அந்த இடம் முதல் அதிபர் செரெட்சே காமாவின் சொந்தக் குலமான பாமங்வாட்டோவின் பகுதி. அவர் அரச வாரிசு; ஆங்கிலேயப் பெண்ணை மணந்ததற்காகப் பிரிட்டிஷ் அரசால் நாடுகடத்தப்பட்டிருந்தவர். கனிம உரிமை குலத்துக்கல்ல, நாட்டுக்கே என்று அவருடைய கட்சி வைரம் கிடைப்பதற்கு முன்பே அறிவித்திருந்தது. கிடைத்த பிறகும் அதில் உறுதியாக நின்றது. தம் குலத்தின் வைரத்தைப் பிறகுலங்களோடு பகிர்ந்துகொண்ட அந்தச் செயலை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. வைர நிறுவனத்தோடு பேசி அரசின் பங்கைச் சரிபாதியாக உயர்த்தினார்கள். வருமானத்தைச் சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றில் போட்டார்கள். மிச்சத்தை எதிர்காலத் தலைமுறைக்காக 1994இல் தனி நிதியாக்கினார்கள். ஒரு தலைமுறைக் காலம் உலகின் மிக வேகமாக வளர்ந்த பொருளாதாரங்களில் அது ஒன்று.

குறைகளும் பெரியவை. வருமான ஏற்றத்தாழ்வு கடுமையானது, வேலையின்மை அதிகம், எச்ஐவி தொற்று ஒரு தலைமுறையையே வாட்டியது, வைரத்தை விட்டு வேறு தொழிலுக்கு நகர்வது இன்னும் கைகூடவில்லை. வைரச் சந்தை சரிந்ததில் 2024இல் பொருளாதாரம் சுருங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி நடந்த தேர்தலில், 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி வெறும் 4 இடங்களோடு தோற்றது. அதிபர் மாசிசி முழு முடிவுகள் வருவதற்கு முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டார். நவம்பர் 1ஆம் தேதி டூமா போகோ பதவியேற்றார். வைரம் குறைந்துவரும் காலத்தில் புதிய அரசு அந்தச் சேமிப்பு நிதியை எப்படிக் கையாள்கிறது, வேலையில்லாத இளைஞர்களுக்கு என்ன வழி காட்டுகிறது என்பதை உங்கள் மாணவர்களோடு சேர்ந்து தொடர்ந்து கவனியுங்கள். அங்கிருந்து வரும் செய்திகளை நானும் விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.